ஆப்பிரிக்க நாடுகளில் பள்ளிக் கல்வி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப்பிரிக்காவில் கல்வி என்றாலே தமிழில் வரும் செய்திகள் பஞ்சம், போர், நன்கொடை என்று மூன்றே சொற்களில் முடிந்துவிடுகின்றன. அங்கே அரசுகள் எடுத்த துணிச்சலான முடிவுகளும், அவற்றால் வந்த புதுச் சிக்கல்களும், அவற்றைத் தீர்க்க நடக்கும் வேலைகளும் நம் கண்ணில் படுவதே இல்லை. வாசகர்களும் ஆசிரிய நண்பர்களும் கேட்கும் கேள்விகளை எடுத்துக்கொண்டு எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன். சஹாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளைப் பற்றித்தான் பேசுகிறேன். எகிப்து, துனிசியா, மொராக்கோ நாடுகளின் நிலைமை வேறு.

இத்தனை நாடுகளையும் ஒன்றாகப் போட்டுப் பேசலாமா?

கூடாது. மொரீஷியஸிலும் செய்ஷெல்ஸிலும் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் தொடக்கப் பள்ளியை முடிக்கிறார்கள். சாட், நைஜர், தெற்கு சூடானில் பெரும்பாலான பிள்ளைகள் அதைக்கூட முடிப்பதில்லை. நைஜீரியா என்ற ஒரே நாட்டுக்குள் லாகோஸ் நகரத்துப் பிள்ளைக்கும் வடகிழக்கே போர்னோ மாநிலத்துப் பிள்ளைக்கும் கிடைக்கும் படிப்பு வேறு வேறு.

ஒன்று மட்டும் பெரும்பாலான நாடுகளுக்குப் பொது: மக்கள்தொகையில் பாதிக்கு மேல் இருபது வயதுக்குக் கீழே. ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்புக்கு வரும் பிள்ளைகளின் எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிடக் கூடுதல். இருக்கும் நிலை கெடாமல் பார்த்துக்கொள்ளவே அரசுகள் ஆண்டுதோறும் புதிய வகுப்பறை கட்ட வேண்டும், புதிய ஆசிரியர்களைச் சேர்க்க வேண்டும். இந்த நெருக்கடியை மனத்தில் வைக்காமல் அங்குள்ள கல்வித் துறைகளைக் குறைசொல்வது நியாயமில்லை.

பள்ளிக்கே போகாத பிள்ளைகள் எத்தனை பேர்?

யுனெஸ்கோ 2022-இல் வெளியிட்ட கணக்குப்படி, சஹாராவுக்குத் தெற்கே பள்ளி வயதில் இருந்தும் பள்ளிக்கு வெளியே இருப்பவர்கள் சுமார் 9.8 கோடிப் பேர். மேல்நிலைப் பள்ளி வயதுப் பிள்ளைகளும் இதில் அடக்கம்.

இந்த எண்ணை மட்டும் பார்த்தால் ஒன்றுமே நகரவில்லை என்று தோன்றும். ஆனால் 2000-ஆம் ஆண்டை ஒட்டித் தொடக்கப் பள்ளி வயதுப் பிள்ளைகளில் மூன்றில் ஒருவருக்கு மேல் வெளியே இருந்தார்கள். இப்போது சுமார் ஐந்தில் ஒருவர். இடையில் மக்கள்தொகை பெருகியதால் விகிதம் இறங்கியும் எண்ணிக்கை இறங்கவில்லை.

கட்டணத்தை நீக்கினால் போதும், பிள்ளைகள் வந்துவிடுவார்கள் என்கிறார்களே?

வந்தார்கள். அலை அலையாக வந்தார்கள்.

மலாவி 1994-இல் தொடக்கப் பள்ளிக் கட்டணத்தை நீக்கியது. அதுவரை சுமார் 19 லட்சம் பிள்ளைகள் படித்த நாட்டில் ஒரே ஆண்டில் அது 30 லட்சத்தை ஒட்டி உயர்ந்தது. அவர்களுக்குப் பாடம் சொல்ல ஆளில்லை. சுமார் 20,000 பேரைச் சில வாரப் பயிற்சி மட்டும் கொடுத்து வகுப்புக்கு அனுப்பினார்கள். முதல் வகுப்பில் நூறு, நூற்றைம்பது பிள்ளைகள் தரையில் நெருக்கி உட்கார்ந்திருப்பார்கள். அறையில் இடம் இல்லாத பள்ளிகளில் மரத்தடிதான் வகுப்பு.

உகாண்டா 1997-இல் அதே வழியில் போனது. முதலில் ஒரு குடும்பத்துக்கு நான்கு பிள்ளைகள் வரை இலவசம் என்றார்கள். சுமார் 30 லட்சமாக இருந்த மாணவர் எண்ணிக்கை 50 லட்சத்தைத் தாண்டியது. கென்யாவில் 2003 ஜனவரியில் கிபாக்கி அரசு கட்டணத்தை நீக்கியபோது 59 லட்சம் 72 லட்சமானது.

அந்தக் கென்ய அறிவிப்பைக் கேட்டுப் பள்ளிக்கு வந்தவர்களில் கிமானி மருகே என்ற முதியவரும் ஒருவர். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த மாவ் மாவ் விடுதலைப் போரில் ஈடுபட்டவர். பைபிளைத் தானே படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது அவர் ஆசை. 2004-இல், தன் 84-ஆவது வயதில், எல்டோரெட் நகரில் ஒரு தொடக்கப் பள்ளியில் முதல் வகுப்பில் சேர்ந்தார். அரைக்கால் சட்டையும் முழங்கால்வரை காலுறையும் போட்டுக்கொண்டு வருவார். பேரப்பிள்ளைகள் இரண்டு பேர் அதே பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார்கள். 2005-இல் நியூயார்க்கில் ஐ.நா. கூட்டத்துக்குப் போய் இலவசக் கல்விக்காகப் பேசினார். 2009-இல் காலமானார். கட்டணம் ஒரு மனிதரை எவ்வளவு காலம் வெளியே நிறுத்தி வைக்க முடியும் என்று கேட்பவர்களுக்கு நான் இவரைத்தான் சொல்வேன்.

ஆனால் அரசு கட்டணத்தை நீக்கியபிறகும் சீருடை, தேர்வுக் கட்டணம், நோட்டுப் புத்தகம், 'பெற்றோர் பங்களிப்பு' என்று பல வடிவங்களில் செலவு தொடர்கிறது. கையில் காசு புரளாத மாதத்தில் முதலில் நிற்பது கடைசிப் பிள்ளையின் படிப்பு. அல்லது பெண் பிள்ளையின் படிப்பு.

விடுதலை பெற்ற நாடுகள் ஏன் கட்டணம் வசூலித்தன?

தான்சானியாவின் வரலாறு இதற்குத் தெளிவான பதில். 1961-இல் விடுதலை. நாட்டுத் தலைவர் ஜூலியஸ் நைரேரே பள்ளி ஆசிரியராக இருந்தவர். எல்லாப் பிள்ளைகளுக்கும் தொடக்கக் கல்வி என்று அவருடைய கட்சி 1974-இல் முடிவெடுத்தது. ஊர் மக்களே செங்கல் அறுத்துப் பள்ளி கட்டினார்கள். 1980-களின் தொடக்கத்தில் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் பள்ளியில் சேர்ந்திருந்தார்கள். ஓர் ஏழை நாட்டுக்கு இது எவ்வளவு பெரிய சாதனை!

பிறகு அடி மேல் அடி. எண்ணெய் விலை ஏறியது, இடி அமீனின் உகாண்டாவோடு போர் வந்தது, ஏற்றுமதிப் பயிர்களின் விலை சரிந்தது, கடன் கழுத்தை நெரித்தது. 1986-இல் பன்னாட்டு நாணய நிதியத்தோடு ஒப்பந்தம். கல்விக்கும் மருத்துவத்துக்கும் அரசு செலவைக் குறைக்க வேண்டும், பயன்படுத்துவோர் பணம் கட்ட வேண்டும் என்பதுதான் அந்தக் காலத்தில் கடன் கொடுத்தவர்களின் பொதுப் போக்கு. கட்டணம் திரும்பி வந்தது. 2000-ஆம் ஆண்டை ஒட்டிப் பள்ளி வயதுப் பிள்ளைகளில் ஐந்தில் மூன்று பேர் மட்டுமே பள்ளியில் இருந்தார்கள். 2001-இல்தான் மறுபடி கட்டணம் நீங்கியது.

இந்த நாடுகள் தொடங்கிய இடத்தையும் பார்க்க வேண்டும். பெல்ஜியம் 1960-இல் காங்கோவை விட்டு வெளியேறியபோது அந்தப் பெரிய நாட்டில் காங்கோலியப் பல்கலைக்கழகப் பட்டதாரிகள் முப்பது பேர்கூட இல்லை.

பல ஆண்டு பள்ளியில் இருந்தும் வாசிக்கத் தெரியவில்லை என்கிறார்கள். அது எப்படி?

இந்தப் பக்கத்தில் மிக முக்கியமான கேள்வி இது. உலக வங்கியின் கணக்குப்படி, சஹாராவுக்குத் தெற்கே பத்து வயதுப் பிள்ளைகளில் ஏறக்குறைய பத்துக்கு ஒன்பது பேரால் ஓர் எளிய பத்தியைப் படித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை. இதில் பள்ளிக்கு வராதவர்களும் உண்டு. பெரும்பாலோர் பள்ளியில் இருப்பவர்கள்.

காரணம் பிள்ளைகளின் திறமையின்மை என்று யாராவது சொன்னால் அதை நான் ஏற்கமாட்டேன். பாடத்திட்டம் யாருக்காக எழுதப்பட்டது என்று பாருங்கள். காலனி ஆட்சிக்குத் தேவை, சில எழுத்தர்களும் மொழிபெயர்ப்பாளர்களும். ஆகவே நூறு பேரில் ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்து, மற்றவர்களைச் சலித்து வெளியே தள்ளும்படி பள்ளி அமைக்கப்பட்டது. விடுதலைக்குப் பிறகும் அந்த அமைப்பு பெரிதாக மாறவில்லை. கென்யாவில் 1985 முதல் 2023 வரை எட்டாம் வகுப்பு முடிவில் நடந்த பொதுத்தேர்வு ஒரு தலைமுறையின் தலைவிதியையே எழுதியது.

இதைத் தெளிவாகக் காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. 1990-களில் மேற்குக் கென்யாவில் பொருளியலாளர் மைக்கேல் கிரெமரும் உடன் ஆய்வாளர்களும் சில பள்ளிகளுக்கு இலவசமாகப் பாடநூல் கொடுத்துப் பார்த்தார்கள். புத்தகம் இல்லாத பள்ளிக்குப் புத்தகம் கொடுத்தால் மதிப்பெண் ஏறத்தானே வேண்டும்? சராசரி ஏறவில்லை. ஏற்கெனவே நன்றாகப் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் மட்டும் முன்னேறினார்கள். பாடநூல் ஆங்கிலத்தில் இருந்தது. வீட்டில் தாய்மொழி, கடைத்தெருவில் சுவாஹிலி, அதற்குப் பிறகு மூன்றாவதாக வரும் ஆங்கிலம். பெரும்பாலான பிள்ளைகளால் அந்தப் புத்தகத்தை வாசிக்கவே முடியவில்லை.

அப்படியென்றால் மொழிதான் பெரிய சிக்கலா?

மற்ற எதையும்விடப் பெரியது என்பது என் கருத்து.

பிரெஞ்சு ஆட்சி நடந்த மேற்கு ஆப்பிரிக்கப் பள்ளிகளில் தாய்மொழியில் பேசிப் பிடிபட்ட பிள்ளையின் கழுத்தில் மரத்துண்டோ எலும்புத்துண்டோ கட்டித் தொங்கவிடுவார்கள். அவன் இன்னொரு பிள்ளை தாய்மொழி பேசும்போது பிடித்துக்கொடுத்தால் அது அடுத்தவன் கழுத்துக்குப் போகும். மாலையில் யார் கழுத்தில் இருக்கிறதோ அவனுக்கு அடி. பிரிட்டிஷ் ஆட்சி நடந்த கென்யாவிலும் இதே வழக்கம் உண்டு. விடுதலைக்குப் பிறகும் பல பள்ளிகளில் இது தொடர்ந்தது. கூடப் படிப்பவனையே ஒற்றனாக்கிய இந்தத் தண்டனையைப் பற்றிப் படித்த நாளிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

இப்போது தான்சானியாவில் ஏழாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் சுவாஹிலி. நாடு முழுக்கப் புரியும் மொழி. ஆனால் உயர்நிலைப் பள்ளியின் முதல் நாளிலிருந்து எல்லாப் பாடமும் ஆங்கிலம். நேற்றுவரை சுவாஹிலியில் கேள்வி கேட்ட மாணவி இன்று வாய் திறப்பதில்லை. ஆசிரியர் கரும்பலகையில் ஆங்கிலத்தில் எழுதுகிறார், சுவாஹிலியில் விளக்குகிறார், பிள்ளைகள் எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதிக்கொள்கிறார்கள். தேர்வில் மறுபடி ஆங்கிலத்தில் எழுத வேண்டும். பாடம் புரிந்த பிள்ளைகூட அங்கே தோற்றுப்போகிறது. சுவாஹிலியையே மேலே கொண்டுபோகலாம் என்று 2015-இல் கல்விக் கொள்கையில் எழுதினார்கள். நடைமுறைக்கு வரவில்லை.

மாற்று வழி உண்டா என்றால், உண்டு. நைஜீரியாவில் இஃபே நகரில் 1970-இல் பேராசிரியர் ஃபஃபுன்வா தொடங்கிய திட்டத்தில் பிள்ளைகள் ஆறு ஆண்டும் யொருபா மொழியில் படித்தார்கள். ஆங்கிலத்தைத் தனிப் பாடமாகக் கற்றார்கள். மற்றப் பாடங்களில் மட்டுமல்ல, ஆங்கிலத்திலும் அவர்களே முந்தினார்கள். எத்தியோப்பியா 1994 முதல் பல மாநிலங்களில் தொடக்கக் கல்வியைத் தாய்மொழிக்கு மாற்றியது.

இன்னொன்றைச் சொல்ல எனக்கு மிகவும் பிடிக்கும். 2014-இல் பிரெஞ்சு வழக்கிலுள்ள பத்து ஆப்பிரிக்க நாடுகளில் ஒரே மாதிரித் தேர்வு வைத்தார்கள். கணக்கில் முதலிடத்தில் நின்றது புருண்டி. உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று, உள்நாட்டுப் போரிலிருந்து மீண்டு வந்த நாடு. செனகலும் ஐவரி கோஸ்டும் அதைவிடப் பல மடங்கு வசதியானவை. புருண்டியில் எல்லோரும் பேசும் மொழி கிருண்டி. தொடக்க வகுப்புகளில் பாடமும் கிருண்டியில். வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனாலும் புரிந்த மொழியில் முதலில் எண்ணப் பழகிய பிள்ளைகள் இவர்கள் என்பதை ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் பெற்றோரே ஆங்கிலமும் பிரெஞ்சும்தானே கேட்கிறார்கள்?

ஆமாம், அவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. அரசு வேலை, பல்கலைக்கழகம், நீதிமன்றம் எல்லாம் அந்த மொழியில் இருக்கும்போது தன் பிள்ளைக்கு அது வேண்டும் என்று ஒரு தாய் கேட்பதைக் குற்றம் சொல்ல முடியாது. நைஜீரியாவில் ஐந்நூறு மொழிகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் பாடநூல் அச்சிட முடியுமா என்ற கேள்வியும் உண்மையானது. ஆங்கிலத்தை ஒரு பாடமாக நன்றாகக் கற்பிப்பதும், எல்லாப் பாடத்தையும் ஆங்கிலத்தில் நடத்துவதும் வேறு வேறு என்பதைப் பெற்றோருக்கு அரசுகள் செய்து காட்டவில்லை. தவறு அங்கேதான் இருக்கிறது.

ஆசிரியர்கள் பள்ளிக்கே வருவதில்லை என்பது உண்மையா?

பல நாடுகளில் ஆசிரியர் வராத நாட்கள் அதிகம்தான். ஏன் என்றும் கேட்க வேண்டும். வங்கி இல்லாத ஊரில் வேலை பார்ப்பவர் சம்பளம் வாங்க மாவட்டத் தலைநகருக்குப் போய்வர இரண்டு மூன்று நாள் ஆகும். குடியிருக்க வீடு கிடையாது. பெண் ஆசிரியர்கள் தனியாகத் தங்க அஞ்சுகிறார்கள். சாட், மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு ஆகிய நாடுகளில் அரசு ஆசிரியர் வராத கிராமங்களில் பெற்றோரே காசோ தானியமோ சேர்த்துக் கொடுத்து, எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவரை நிறுத்திக்கொள்கிறார்கள். மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் பெற்றோர் ஆசிரியர் என்றே அவர்களுக்குப் பெயர். பயிற்சி இல்லை, ஓய்வூதியம் இல்லை, ஆனாலும் அந்த ஊர்ப் பள்ளி அவர்களால்தான் திறந்திருக்கிறது.

2030-க்குள் இந்தப் பகுதிக்கு இன்னும் 1.5 கோடி ஆசிரியர்கள் வேண்டும் என்கிறது யுனெஸ்கோ.

பெண் பிள்ளைகளின் நிலை?

நைஜரில் நான்கில் மூன்று பெண்களுக்குப் பதினெட்டு வயதுக்கு முன்பே திருமணம் முடிந்துவிடுகிறது. அங்கே கல்வியைப் பற்றிப் பேசினால் திருமணத்தைப் பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும்.

சில இடங்களில் அரசே கதவை அடைத்தது. எபோலாவால் 2014-இல் பள்ளிகள் மூடிக் கிடந்த சியரா லியோனில் பல சிறுமிகள் கருவுற்றார்கள். 2015-இல் பள்ளிகள் திறந்தபோது கருவுற்ற மாணவிகள் வரக் கூடாது என்று அரசு தடை போட்டது. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டு நீதிமன்றம் 2019 டிசம்பரில் அது தவறு என்று தீர்ப்பளித்தது. 2020 மார்ச்சில் தடை நீங்கியது. அதே நாடு 2024-இல் குழந்தைத் திருமணத்தைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. பத்து ஆண்டுக்குள் ஓர் அரசு இவ்வளவு தூரம் நகர முடிகிறது. தான்சானியாவும் இதே போன்ற தடையை 2021-இல் நீக்கியது.

கழிப்பறை இல்லாத பள்ளிக்கு மாதவிடாய் நாட்களில் பெண் பிள்ளைகள் வருவதில்லை. கென்யா 2004-இல் மாதவிடாய்ப் பஞ்சுகளுக்கு விற்பனை வரியை நீக்கியது. 2017-இல் மாணவிகளுக்கு அவற்றை இலவசமாகக் கொடுக்கச் சட்டம் கொண்டுவந்தது.

எல்லா நாட்டிலும் பெண்கள்தான் பின்தங்குகிறார்கள் என்று எண்ண வேண்டாம். லெசோதோவில் மாடு, ஆடு மேய்க்கப் போவதால் பையன்கள்தான் படிப்பை விடுகிறார்கள்.

போர் நடக்கும் பகுதிகளில்?

2014 ஏப்ரல் 14 இரவில் நைஜீரியாவின் சிபோக் ஊர்ப் பள்ளி விடுதியிலிருந்து 276 மாணவிகளை போகோ ஹராம் என்ற ஆயுதக் குழு கடத்தியது. உலகமே பேசியது. பேசாமல் விட்டது அதற்குப் பிறகு நடந்ததை. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் 2024-ஆம் ஆண்டு நடுவில் 14,000-க்கும் மேற்பட்ட பள்ளிகள் வன்முறையால் மூடிக் கிடந்தன. புர்கினா ஃபாசோ, மாலி, நைஜீரியா, கேமரூன் எல்லாம் இதில் அடக்கம். சூடானில் 2023 ஏப்ரலில் போர் தொடங்கியது; சில மாதங்களில் சுமார் 1.9 கோடிப் பிள்ளைகள் பள்ளிக்கு வெளியே இருந்தார்கள். தமிழ்ச் செய்தித்தாள்களில் இதற்கு எத்தனை வரி கிடைத்தது?

தென்னாப்பிரிக்கா வசதியான நாடுதானே, அங்கே என்ன குறை?

பணம் இருக்கிறது. ஆனாலும் 2021-இல் நடந்த பன்னாட்டு வாசிப்புத் தேர்வில் நான்காம் வகுப்பு மாணவர்களில் 81 விழுக்காட்டினரால் பொருள் புரிந்து வாசிக்க முடியவில்லை. கறுப்பினப் பிள்ளைகளை உடலுழைப்புக்கு மட்டும் தயார்செய்ய வேண்டும் என்று 1953-இல் ஒரு சட்டமே போட்ட நாடு அது. பாதிப் பாடங்களை ஆஃப்ரிகான்ஸ் மொழியில் திணித்தபோது 1976 ஜூன் 16-இல் சொவேட்டோ மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், காவல்துறை சுட்டது. 1994-இல் ஆட்சி மாறியது. ஆனால் அந்தச் சட்டத்தின் கீழ் படித்தவர்களே ஆசிரியர்களாகவும் தொடர்ந்தார்கள்; நல்ல கட்டடமும் நூலகமும் பழைய வெள்ளையர் பகுதிகளிலேயே இருந்தன. 2014-இல் லிம்போபோ மாகாணத்தில் பள்ளிக் குழிக் கழிப்பறைக்குள் விழுந்து ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். இவ்வளவு வளமான நாட்டில் இது நடந்ததை மன்னிக்க என்னால் முடியவில்லை.

எது உண்மையில் பலன் தந்திருக்கிறது?

கென்யாவின் 'டுசோமே' திட்டம். 2015 முதல் நாடெங்கும் ஏறக்குறைய 23,000 பள்ளிகளில் முதல் இரண்டு வகுப்புகளில் தொடங்கியது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு புத்தகம். ஆசிரியருக்கு அன்றன்றைய பாடத்தை எப்படி நடத்துவது என்று வழிகாட்டி. மேற்பார்வையாளர் பைக்கில் பள்ளிக்கு வந்து, வகுப்பில் உட்கார்ந்து கவனித்து, சில பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, கையில் உள்ள டேப்லெட்டில் பதிந்து, பிறகு ஆசிரியரோடு பேசிவிட்டுப் போவார். முன்பெல்லாம் மேற்பார்வையாளர் வந்தால் வருகைப் பதிவேட்டைப் பார்ப்பார், கையெழுத்துப் போடுவார். பிள்ளை வாசிப்பதைக் கேட்பது என்பது புது வழக்கம். வாசிப்புத் திறன் நன்றாக உயர்ந்தது.

இன்னொன்று இந்தியாவிலிருந்து போனது. வயதை வைத்துப் பிரிக்காமல், வாசிக்கத் தெரிந்த அளவை வைத்துப் பிள்ளைகளைக் குழுவாக்கித் தினமும் ஒரு மணி நேரம் அடிப்படையைக் கற்பிக்கும் முறையை 'பிரதம்' அமைப்பு இங்கே வளர்த்தெடுத்தது. ஜாம்பியா அரசு அதை 2016-இல் சோதித்துப் பார்த்து, பிறகு ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்கு விரித்தது.

பூச்சி மாத்திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கென்யாவின் புசியா பகுதியில் 1990-களின் இறுதியில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் குடற்புழு மாத்திரை கொடுத்தபோது பள்ளிக்கு வராத நாட்கள் கால் பங்கு குறைந்தன என்று கிரெமரும் எட்வர்ட் மிகெலும் கண்டார்கள். கிரெமருக்கு 2019-இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோவோடு சேர்த்துப் பொருளியல் நோபல் கிடைத்தது. அந்த ஆய்வின் கணக்குகளைப் பற்றி ஆய்வாளர்களுக்குள் பெரிய சர்ச்சையும் நடந்தது. எல்லா ஊரிலும் அதே அளவு பலன் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. மலிவான மாத்திரை, பிள்ளையின் உடம்புக்கு நல்லது. கொடுப்பதற்கு எனக்கு அது போதும்.

ஊழல்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்லலாமா?

ஊழல் உண்டு, எல்லாவற்றுக்கும் அதுவே காரணம் இல்லை. உகாண்டாவில் 1991 முதல் 1995 வரை மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ப மத்திய அரசு ஒதுக்கிய நிதியில் சராசரியாக 13 விழுக்காடுதான் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. மீதி வழியில் மாவட்ட அலுவலகங்களில் நின்றுவிட்டது. இது தெரிந்ததும் எந்த மாதம் எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பினோம் என்று அரசு செய்தித்தாள்களில் வெளியிட்டது. பள்ளிச் சுவரிலும் ஒட்டச் சொன்னது. 2001-இல் பள்ளிகளுக்கு 80 விழுக்காட்டுக்கு மேல் போய்ச் சேர்ந்தது. வேறு நிர்வாகச் சீர்திருத்தங்களும் அதே சமயம் நடந்தன. ஆனாலும் எவ்வளவு வர வேண்டும் என்று தலைமை ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் தெரிந்திருந்ததால் அவர்களால் போய்க் கேட்க முடிந்தது.

கொரோனா காலத்தில் என்ன ஆனது?

உகாண்டாவில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் 2022 ஜனவரியில்தான் முழுமையாகத் திறந்தன. உலகிலேயே மிக நீண்ட மூடல்களில் ஒன்று. சுமார் 1.5 கோடி மாணவர்கள் பாதிக்கப்பட்டார்கள். மின்சாரமே இல்லாத வீட்டுக்கு இணைய வகுப்பால் என்ன பயன்? பலர் திரும்பவில்லை.

பணம் எங்கிருந்து வரும்?

அரசு வரவு செலவில் 15 முதல் 20 விழுக்காடு கல்விக்கு என்பது 2015-இல் உலக நாடுகள் ஒப்புக்கொண்ட அளவு. பல ஆப்பிரிக்க நாடுகளில் அதற்குப் போக வேண்டிய பணத்தைக் கடன் வட்டி தின்றுவிடுகிறது. ஜாம்பியா 2020-இல் கடனைக் கட்ட முடியாமல் நின்றது. அந்த நிலையிலும் 2022-இல் புதிய அரசு உயர்நிலைப் பள்ளிவரை கட்டணத்தை நீக்கி, அந்த ஒரே ஆண்டில் 30,000-க்கும் மேற்பட்ட ஆசிரியர்களை வேலைக்கு எடுத்தது. வகுப்புகள் நிரம்பி வழிகின்றன என்ற புகார் இப்போது அங்கே கேட்கிறது. மலாவியில் நடந்தது மறுபடி நடக்காமல் பார்த்துக்கொள்வார்களா என்று கவலையோடு கவனிக்கிறேன்.

வெளிநாட்டு உதவியை நம்புவதன் ஆபத்து 2025-இல் வெளிப்படையாகத் தெரிந்தது. அமெரிக்க அரசின் யு.எஸ்.எய்ட் அமைப்பு மூடப்பட்டதும் அதன் பணத்தில் நடந்த கல்வித் திட்டங்கள் நாடு நாடாக நின்றுபோயின. டுசோமேகூட அந்தப் பணத்தில் தொடங்கியதுதான்.

பல்கலைக்கழகங்கள்?

சியரா லியோனின் ஃபோரா பே கல்லூரி 1827-இல் தொடங்கியது, உகாண்டாவின் மகெரேரே 1922-இல். மரபுக்குக் குறைவில்லை. இன்று சஹாராவுக்குத் தெற்கே கல்லூரிப் படிப்புக்குப் போவோர் பத்துக்கு ஒருவர் அளவில்தான். நைஜீரியாவில் 2022-இல் பேராசிரியர்கள் எட்டு மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

தமிழ்நாட்டோடு நேரடித் தொடர்புள்ள ஒன்று: ஐ.ஐ.டி. மெட்ராஸ் தன் முதல் வெளிநாட்டு வளாகத்தை 2023-இல் தான்சானியாவின் சான்சிபாரில் திறந்தது. அதற்கு முதலில் பொறுப்பேற்ற ப்ரீத்தி அகலாயம், ஐ.ஐ.டி. வளாகம் ஒன்றுக்குத் தலைமையேற்ற முதல் பெண்.

ஏதாவது உதவ விரும்பினால்?

பழைய ஆங்கிலப் புத்தகங்களை மூட்டை கட்டி அனுப்பாதீர்கள். பிள்ளைகளால் வாசிக்க முடியாத புத்தகத்துக்கு என்ன கதி என்று மேலே சொன்னேன். தென்னாப்பிரிக்காவில் 2014-இல் தொடங்கிய 'ஆப்ரிக்கன் ஸ்டோரிபுக்' என்ற இணையத் திட்டம் நூற்றுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க மொழிகளில் சிறுவர் கதைகளை இலவசமாகத் தருகிறது. அங்குள்ள ஆசிரியர்களே எழுதுகிறார்கள், மொழிபெயர்க்கிறார்கள், யாரும் அச்சிட்டுக்கொள்ளலாம். தெரிந்தவர் யாராவது அந்த நாடுகளில் வேலை பார்த்தால், பக்கத்துப் பள்ளியின் ஆசிரியரிடம் எந்த மொழியில் எந்தக் கதை வேண்டும் என்று கேட்டு, அதை அச்சிட்டுக் கொடுக்கும் செலவை ஏற்றுக்கொள்ளச் சொல்லுங்கள்.